பழைய மடக்குக்கத்திக்கு வயது பார்ப்பது எப்படி?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு மடக்குக்கத்தியை என் கையில் வைத்தார். "இருநூறு வருசத்துது சார். ஏதோ ஒரு தொர வெச்சிருந்தது." அலகின் அடியில் ஒரு கிரீடம், அதன் இரண்டு பக்கமும் ஜி, ஆர் என்ற எழுத்துகள். ஜார்ஜ் மன்னரின் முத்திரை. நான்காம் ஜார்ஜ் ஆண்டது 1820 முதல் 1830 வரை. இருநூறு வருடம் என்ற கணக்கு இடிக்கவில்லை. பேரம் பேசி நானூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் துடைத்துப் பார்த்தபோது அழுக்குக்கு அடியிலிருந்து ஊர்ப் பெயர் வந்தது: ஷெஃபீல்டு. அதற்கும் கீழே இன்னொரு சொல்: இங்கிலாந்து. அந்த ஒரு சொல்லில் கத்தியின் வயது கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முறை மட்டும் இப்போதே: விற்பவர் எப்போதும் கத்தியில் இருக்கும் மிகப் பழைய அடையாளத்தைக் காட்டுவார். நீங்கள் தேட வேண்டியது மிகப் புதிய அடையாளத்தை. 1764-ஆம் ஆண்டு முத்திரையை 1930-லும் குத்தலாம். 1930-ல் வந்த பொருளை 1764-ல் யாரும் பொருத்தியிருக்க முடியாது.

முதலில் பெயர்கள்

வெட்டும் தகடு அலகு. அது பிடியோடு சேரும் தடித்த பகுதியை அலகின் அடி என்கிறேன். கம்பெனிப் பெயர், ஊர், நாடு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். பிடியின் முனையில் இருக்கும் உலோகக் கவசம் பூண். பிடியின் எலும்பு அல்லது மரச் சில்லுக்கு அடியில் ஓடுவது உள்தகடு. பழையவற்றில் இரும்பு அல்லது பித்தளை. முதுகில் இருப்பது ஸ்பிரிங். அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளம் நகக்குழி. இவ்வளவு போதும்.

பேனாக்கத்தி என்று நாம் சொல்வதும் சும்மா வந்த பெயரல்ல. இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி அது. இறகு போய், நிப்பு வந்து, பால்பாயிண்டும் வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தேய்க்காதீர்கள்

புதிதாக வாங்கியவர்கள் செய்யும் முதல் காரியம் உப்புத்தாள் எடுத்துத் தேய்ப்பது. நானும் செய்தேன். தாத்தா வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்த கத்தி ஒன்று பளபளவென்று ஆனது. அதிலிருந்த எழுத்துகளும் காணாமல் போயின. அது எந்த ஊர்க் கத்தி என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

கார்பன் எஃகு அலகின் மேல் வருடக்கணக்கில் படியும் சாம்பல் கருமை துரு அல்ல. அது அலகைக் காக்கிற படலம். அதோடு வயதுக்கு ஒரு சாட்சியும் கூட. விரலில் ஒட்டும் செந்துரு மட்டும்தான் எதிரி. அதற்குத் தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் பிசுபிசுப்பாகி அழுக்கைச் சேர்த்துக்கொள்ளும்.

அலகு இறுகித் திறக்காமல் இருந்தால் கொறடு போட்டு இழுக்காதீர்கள். நகக்குழி உடையும், இல்லையென்றால் ஸ்பிரிங் உடையும். மூட்டில் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் அசையவில்லையென்றால் இன்னொரு இரவு. திறக்கும்போது விரல்களை அலகின் பாதையில் வைக்காதீர்கள். நூறு வருடத்து ஸ்பிரிங்குக்கும் வேகம் இருக்கும். கத்தி முழுவதையும் மண்ணெண்ணெயில் முக்குவது கூடவே கூடாது. எலும்பும் கொம்பும் அதை உறிஞ்சிக் கறைபடும்.

எழுத்தைப் படிப்பது

தேய்ந்த எழுத்தை நேர் வெளிச்சத்தில் படிக்க முடியாது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை அலகுக்குக் கிட்டத்தட்ட படுக்கையாகப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழும், எழுத்து எழும்பும். அப்போதும் தெரியவில்லையென்றால் முகப்பவுடரைக் கொஞ்சம் தடவி விரலால் வழித்துவிடுங்கள். வெள்ளை பள்ளத்தில் தங்கிக்கொள்ளும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் படி எடுக்கலாம். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பத்து மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டால் பிறகு அதைவிட்டுப் பிரியமாட்டீர்கள்.

ஒவ்வொரு அலகின் இரண்டு பக்கமும் பாருங்கள். முன்பக்கம் கம்பெனிப் பெயர், பின்பக்கம் மாதிரி எண் என்று பிரித்துக் குத்துவது வழக்கம். அலகின் முகத்தில் அமிலத்தால் பொறித்த எழுத்துகளின் மங்கல் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்றும் சாய்த்துப் பாருங்கள். அது மிச்சமிருந்தால் அந்த அலகு அதிகம் தீட்டப்படவில்லை, பாலிஷ் சக்கரமும் ஏறவில்லை என்று பொருள்.

சொற்கள் சொல்லும் ஆண்டு

நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் காயலாங்கடைகளிலும் அகப்படுகிற வெளிநாட்டுக் கத்திகளில் ஷெஃபீல்டு முக்கியமானது. காரணம் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் அந்த ஊரில் கத்தித் தொழிலைக் கட்டிக்காக்கும் சங்கம் 1624-லேயே சட்டப்படி அமைந்துவிட்டது. யாருக்கு எந்த முத்திரை என்பதை அதுதான் பதிவுசெய்தது. அங்கே கத்தி செய்த ஜோசஃப் ராட்ஜர்ஸ் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும். ஆண்டு 1764. சந்தையில் "1764" என்று சொல்லி விற்கப்படுகிற கத்திகளெல்லாம் இந்தப் பதிவு ஆண்டைக் கத்தியின் பிறந்த ஆண்டாக எண்ணிக்கொண்டதால் வந்த வினை. கடைப் பலகையில் "நிறுவியது" என்று எழுதியிருக்கும் ஆண்டு, அங்கே இன்று காலை சுட்ட இட்லியின் வயதாகுமா?

ராட்ஜர்ஸ் சாமானியக் கம்பெனியல்ல. 1822-ல் 1,822 அலகுகள் கொண்ட ஒரு காட்சிக் கத்தியைச் செய்து, பிறகு ஆண்டுக்கு ஓர் அலகு சேர்த்துக்கொண்டு வந்தவர்கள். 1851 லண்டன் உலகக் கண்காட்சிக்கு 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட நார்ஃபோக் கத்தியைக் கொண்டுபோனவர்கள். அரச குடும்பத்துக்குக் கத்தி செய்யும் உரிமை நான்காம் ஜார்ஜ் காலத்தில் கிடைத்தது. அதிலிருந்து மன்னரின் முதலெழுத்தையும் கிரீடத்தையும் அலகில் குத்தத் தொடங்கினார்கள்.

இந்த எழுத்துகள் ஆண்டு பார்க்க நல்ல துணை. வி ஆர் என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. ஈ ஆர் என்றால் பெரும்பாலும் ஏழாம் எட்வர்டு, 1901 முதல் 1910 வரை. இக்கட்டு ஜி ஆரில்தான். நான்காம் ஜார்ஜ் 1830-ல் போனார். ஐந்தாம் ஜார்ஜ் 1910-ல் வந்தார், அவருக்குப் பின் ஆறாம் ஜார்ஜ் 1936 முதல் 1952 வரை. ஒரே இரண்டு எழுத்து, நடுவில் எண்பது வருட இடைவெளி. பல்லாவரத்துப் பெரியவரும் நானும் விழுந்த பள்ளம் இதுதான்.

அதிலிருந்து ஏறி வர உதவியது "இங்கிலாந்து" என்ற சொல். 1890-ல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றது. 1891 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. ஷெஃபீல்டின் பெரிய வாடிக்கையே அமெரிக்காதான் என்பதால் ஊர்ப் பெயரோடு நாட்டின் பெயரும் சேர்ந்துகொண்டது. அதற்கு முன் நாட்டின் பெயர் அபூர்வம். ஆகவே ஜி ஆரும் இங்கிலாந்தும் ஒரே அலகில் சேர்ந்து வந்தால் அந்த ஜார்ஜ், 1910-க்குப் பிந்தைய ஜார்ஜ்.

தலைகீழாக்கிப் பார்க்காதீர்கள். நாட்டின் பெயர் இல்லாததால் மட்டும் கத்தி 1891-க்கு முந்தையது ஆகிவிடாது. அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் அதைக் குத்தவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு சொல் இருப்பது சாட்சி, இல்லாதது சாட்சியல்ல.

"ஹர் மெஜஸ்டி", "ஹிஸ் மெஜஸ்டி" என்ற சொற்களையும் கவனியுங்கள். அரசிக்குக் கத்தி செய்பவர் என்று இருக்கிறதா, அரசருக்கு என்று இருக்கிறதா என்பதிலேயே 1837, 1901, 1952 என்ற வேலிகள் நிற்கின்றன. பெயரின் எழுத்துக்கூட்டலையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். ராட்ஜர்ஸின் ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு டி உண்டு. அது இல்லாத, பார்வைக்கு ஒத்த பெயர்கள் பல உலவியிருக்கின்றன. வாஸ்டன்ஹோம் கம்பெனியின் ஐ எக்ஸ் எல் என்ற முத்திரையும் இங்கே அடிக்கடி வரும். உரக்கப் படித்தால் "நான் மிஞ்சுகிறேன்" என்று ஆங்கிலத்தில் காதில் விழும். குறும்புக்காரர்கள்.

ஜெர்மனியின் சோலிங்கன் ஷெஃபீல்டின் பெரும் போட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே செய்த கத்திகளில் ஷெஃபீல்டு பெயரைக் குத்தி விற்றார்கள் என்ற சண்டை முற்றி, 1887-ல் பிரிட்டன் வணிகச் சின்னச் சட்டம் கொண்டுவந்தது. "ஜெர்மனியில் செய்தது" என்ற சொற்றொடர் ஒரு தண்டனை முத்திரையாகப் பிறந்து, பிறகு தரத்தின் பெயராக மாறியது அப்படித்தான். கத்திக்கு வயது பார்க்கிறவருக்குப் பயன்படுவது இன்னொன்று: "மேற்கு ஜெர்மனி" என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். இதைவிடத் தெளிவான குறி கிடைக்காது. சோலிங்கனின் ஹென்கல்ஸ் கம்பெனியின் இரட்டையர் சின்னம் 1731-ல் பதிவானது. அதை நம்பி வயது சொல்வது ராட்ஜர்ஸ் கதைதான் மறுபடியும்.

"ஸ்டெயின்லெஸ்" என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருக்கியது 1913-ல். அதற்கு முந்தைய கத்தியில் அந்தச் சொல் இருக்காது. பிரெஞ்சில் "இனாக்ஸ்", ஜெர்மனில் "ரோஸ்ட்ஃப்ரை" என்றாலும் அதே கதை. கார்பன் எஃகு என்பதற்காக மட்டும் பழையது என்று சொல்லிவிடவும் முடியாது. இன்றும் அதில் கத்தி செய்கிறார்கள்.

பிடியும் பூணும்

எழுத்து முழுவதும் அழிந்த கத்தியில் பொருள்கள்தான் பேச வேண்டும். ஒரு சின்னக் காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். பூணில் ஒட்டினால் இரும்பு. பழைய, மலிவான, உழைப்புக்கான கத்திகளில் அதிகம். வெள்ளை நிறமாக இருந்து ஒட்டவில்லையென்றால் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இந்தக் கலவை ஜெர்மனியில் 1820களில் விற்பனைக்கு வந்து, இங்கிலாந்தின் பட்டறைகளுக்கு 1830களில் பரவியது. என் பல்லாவரத்துக் கத்தியின் பூணில் காந்தம் ஒட்டவில்லை. நான்காம் ஜார்ஜின் காலத்துக் கத்தியில் அந்தப் பூண் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. "இங்கிலாந்து" சொன்னதையே பூணும் சொன்னது. இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகும்போதுதான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

பிடியில் எலும்பா பிளாஸ்டிக்கா என்பது அடுத்த கேள்வி. பூதக்கண்ணாடியில் எலும்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்: நுண்ணிய கருப்புப் புள்ளிகள், கோடுகள். உயிரோடு இருந்தபோது ரத்தக் குழாய் ஓடிய துவாரங்கள் அவை. சிப்பி என்றால் கையில் சில்லென்றிருக்கும், சாய்க்கச் சாய்க்க நிறம் மாறும். எருமைக் கொம்பு கருப்பாக, நார் நாராக இருக்கும்; பூச்சி அரித்த குழிகளும் இருக்கலாம்.

செல்லுலாய்டு தனிக் கதை. 1870 வாக்கில் வந்த ஆதி பிளாஸ்டிக். தந்தம், ஆமை ஓடு, சிப்பி எல்லாவற்றையும் போல வேடம் போடும். கொஞ்சம் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், ஏனென்றால் அதில் கற்பூரம் உண்மையிலேயே சேர்ந்திருக்கிறது. நாள்பட்டால் அது சிதைந்து ஆவி விடும். ஒரு பக்கத்து அலகு மட்டும் காரணமில்லாமல் துருவேறியிருந்தால் பிடியைச் சந்தேகியுங்கள். அந்தக் கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், நோய் பரவும். சூடான ஊசியைக் குத்திச் சோதிக்கச் சொல்லும் அறிவுரை ஒன்று உலவுகிறது. செல்லுலாய்டு பற்றிக்கொண்டு எரியும். தயவுசெய்து வேண்டாம்.

பேக்கலைட் என்றால் 1907-க்குப் பிறகு. எலும்பு போல வரிகள் வெட்டியிருந்தும் துவாரமே இல்லாமல், இரண்டு பக்கமும் அச்செடுத்தாற்போல ஒரே வரியாக இருந்தால் அது வார்த்த பிளாஸ்டிக். அமெரிக்கக் கத்திகளில் பெரும்பாலும் டெல்ரின், 1960-ல் சந்தைக்கு வந்தது. நட்சத்திரத் தலை ஸ்குரூ, அதாவது பிலிப்ஸ் தலை, எங்காவது இருந்தால் 1930களின் நடுப்பகுதிக்கு முன் போக முடியாது. "விக்டோரியா காலத்துது" என்று சொல்லி எனக்கு ஒருவர் விற்க வந்த கத்தியின் வயிற்றில் அப்படி ஒரு ஸ்குரூ சிரித்துக்கொண்டிருந்தது.

ஒட்டுப்போட்ட கத்திகள்

இரண்டு உடைந்த கத்திகளைப் பிரித்து ஒன்றாக்குவது சந்தையில் சகஜம். ஏமாற்றுவதற்கென்றே செய்ததாகவும் இருக்க வேண்டியதில்லை. தாத்தாவின் அலகு உடைந்தபோது சாணைக்காரர் வேறொன்றைப் பொருத்திக் கொடுத்திருப்பார். ஆனால் வயது பார்க்கும்போது குழப்பம் வரும். பெரிய அலகு ஷெஃபீல்டு, சின்ன அலகு சோலிங்கன் என்று ஒரு கத்தி என்னிடம் இருக்கிறது. வாங்கும்போது நான் திறந்து பார்த்தது பெரிய அலகை மட்டும். இப்போது எல்லா அலகையும் திறக்காமல் காசை எடுப்பதில்லை.

ரிவெட்டுகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறு உலோகமாக, புதுப் பளபளப்போடு இருந்தால் கத்தி பிரிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே டார்ச் அடித்து, அலகு மடங்கி உட்காரும் குழியின் அடியையும் பாருங்கள். உண்மையான கருமை அங்கே ஒழுங்கற்றுத் திட்டுத் திட்டாக இருக்கும். வினிகரில் ஊறவைத்துப் பழசாக்கிய கத்தியில் கருமை ஒரே சீராக, மூட்டுக்குள் வரை தண்ணீர் போலப் பரவியிருக்கும். எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, அலகு மட்டும் கண்ணாடி போல இருந்தால் பாலிஷ் சக்கரம் ஏறியிருக்கிறது.

மடக்கினால் அலகின் முனை பிடிக்குள் முழுதாக இறங்க வேண்டும். முனை வெளியே துருத்தினால், மடங்கும்போது ஸ்பிரிங்கில் இடிக்கும் குதிப்பகுதி தேய்ந்திருக்கிறது அல்லது அலகு மாற்றப்பட்டிருக்கிறது. பாக்கெட்டில் போட்டால் தொடையைப் பதம் பார்க்கும். திறக்கும்போதும் மூடும்போதும் "டக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தத்தில் ஸ்பிரிங்கின் உயிர் இருக்கிறது.

தன் வயதைத் தானே சொல்லும் கத்திகள்

சில கத்திகளில் இவ்வளவு துப்பறிய வேண்டியதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் செய்யும் கேஸ் கத்தி இதில் முதலிடம். அலகடியில் குத்தியிருப்பது 1920 வாக்கிலிருந்து 1940 வரை "டெஸ்டட் எக்ஸ் எக்ஸ்". 1940 முதல் 1964 வரை "கேஸ் எக்ஸ் எக்ஸ்". 1965 முதல் 1969 வரை அதோடு "யு எஸ் ஏ". 1970-ல் ஒரு குறும்பு செய்தார்கள்: எழுத்துக்குக் கீழே பத்துப் புள்ளி. அடுத்த ஆண்டு ஒன்பது. இப்படி ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து 1979-ல் ஒரே புள்ளி. 1980-ல் மறுபடி பத்து. இந்த முறை எஸ் எழுத்தை மின்னல் போல வளைத்து வேறுபடுத்தினார்கள். ஏழு புள்ளி, சாதாரண எஸ் என்றால் 1973. ஏழு புள்ளி, மின்னல் எஸ் என்றால் 1983. விரல் விட்டு எண்ணினால் போதும்.

மாதிரி எண்ணும் பேசும். 6318 என்றால் முதல் இலக்கம் பிடிக்கு, 6 எலும்பு. அடுத்தது அலகுகளின் எண்ணிக்கை, மூன்று. மிச்சம் 18 என்பது வடிவத்தின் எண். 6-ல் தொடங்கும் எண்ணோடு பிடி மஞ்சள் பிளாஸ்டிக்காக இருந்தால், யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

சுவிஸ் கத்திகளில் ராணுவத்துக்குச் செய்தவற்றைப் பிடியை வைத்தே பிரிக்கலாம். 1890 மாதிரிக்குக் கருமையேற்றிய மரம். 1908 மாதிரிக்குச் சிவப்பு ஃபைபர். 1951-ல் எஃகு துருப்பிடிக்காததாக மாறியது. 1961 மாதிரியில் வரிவரியான அலுமினியப் பிடி. அந்த அலுமினியக் கத்தியின் அலகடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமே இருக்கும். முதல் சிப்பாய்க் கத்திகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்படவில்லை என்பது ஒரு வேடிக்கை, சோலிங்கனிலிருந்துதான் வாங்கினார்கள். இபாக் ஊரின் கார்ல் எல்ஸ்னர் 1891-ல் அந்த வேலையைத் தன் நாட்டுக்கு இழுத்துவந்தார், 1897-ல் அதிகாரிகள் கத்தியைப் பதிவுசெய்தார். 1909-ல் தாயார் விக்டோரியா இறந்தபின் அவர் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார். 1921-ல் இனாக்ஸ் எஃகு வந்ததும் இரண்டும் சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. எனவே "விக்டோரினாக்ஸ்" என்ற முழுப் பெயர் இருந்தாலே 1921-க்குப் பிறகுதான்.

பிரான்சின் ஒபினெல் மரப்பிடிக் கத்தியில் ஒரே ஒரு கேள்வி: கழுத்தில் சுழலும் பூட்டு வளையம் இருக்கிறதா? இருந்தால் 1955-க்குப் பிறகு.

பிரிட்டிஷ் ராணுவத்தின் தடித்த கறுப்புப் பிடிக் கத்தி நம்மூர்ச் சந்தைகளிலும் தலைகாட்டும். ஓர் அலகு, ஒரு டப்பா திறப்பான், கயிற்று முடிச்சை அவிழ்க்க ஒரு தடித்த ஊசி. கோழிக்கால் தடம் போன்ற அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சொத்து. பக்கத்திலேயே பல கத்திகளில் ஆண்டும் குத்தியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது வெள்ளி அலகும் சிப்பிப் பிடியும் கொண்ட சின்னப் பழக்கத்தி. பழத்தின் புளிப்பு எஃகைக் கறுக்கவைக்கும் என்பதால் வெள்ளியில் செய்தார்கள். வெள்ளி என்றால் அரசாங்க மதிப்பீட்டு முத்திரை உண்டு: நடக்கும் சிங்கம், ஊரின் அடையாளம், ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், பிறகு ரோஜா, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம். மன்னரின் தலை ஒன்றும் கூடவே இருந்தால் 1784-க்கும் 1890-க்கும் நடுவில். ஆண்டெழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்து அட்டவணையில் பார்த்தால் சரியான ஆண்டே கிடைத்துவிடும். கத்தி வகைகளிலேயே வயதை இவ்வளவு துல்லியமாகச் சொல்வது இதுதான்.

வாங்கக் கூடாதவை

தந்தப் பிடி என்று யாராவது சொன்னால் கையை எடுத்துவிடுங்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வியாபாரத்தை முழுதாகத் தடுத்திருக்கின்றன. எவ்வளவு பழசு என்பதெல்லாம் அங்கே எடுபடாது. குறுக்கும் நெடுக்குமாக வலை போல மெல்லிய கோடுகள் வெட்டுமுகத்தில் தெரிந்தால் அது தந்தம். மான்கொம்பும் வில்லங்கம்தான். ஷெஃபீல்டின் அழகான மான்கொம்புப் பிடிகளுக்குப் போன கொம்பில் பெரும்பகுதி நம் காட்டுக் கடமான் உதிர்த்தது. ஏற்றுமதியை இந்தியா 1990களின் இறுதியில் நிறுத்தியது. இன்று உரிய சான்றில்லாமல் அதை வாங்கினால் வனத்துறைக்குப் பதில் சொல்லவேண்டி வரும். வீட்டிலேயே பரம்பரையாக இருந்தால் விற்க நினைப்பதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்.

கத்தியை எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவதானால் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள். நண்பர் ஒருவர் இந்த ஒரு காரணத்தால் 1950களின் கத்தி ஒன்றைப் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டு வந்தார். அந்தப் பயணம் முழுவதும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சீட்டு எழுதுவது

ஒவ்வொரு கத்திக்கும் ஒரு சின்னச் சீட்டு எழுதி வையுங்கள். பார்த்ததை மேலே, ஊகித்ததைக் கீழே. இரண்டையும் கலக்காதீர்கள், பத்து வருடம் கழித்து உங்கள் ஊகமே உங்களுக்கு உண்மை போலத் தெரியும். ஆண்டை ஒற்றை எண்ணாக எழுதாமல் இரண்டு எல்லையாக எழுதுங்கள். முன்னெல்லையைக் கத்தியின் மிகப் புதிய அடையாளம் தரும். பின்னெல்லை எப்போதும் மங்கல்தான். பழைய அச்சுகளைத் தேயும் வரை பயன்படுத்தினார்கள், கையிருப்பில் கிடந்த அலகுகளை வருடங்கள் கழித்தும் பொருத்தினார்கள்.

பல்லாவரத்துக் கத்தியின் சீட்டு இப்படி இருக்கிறது: "ஜோசஃப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு. நட்சத்திரம், சிலுவை, கிரீடம், ஜி ஆர், ஹிஸ் மெஜஸ்டி, இங்கிலாந்து. இரண்டு அலகு, இரண்டிலும் ஒரே முத்திரை. கார்பன் எஃகு. எலும்புப் பிடி, துவாரங்கள் தெரிகின்றன. ஜெர்மன் சில்வர் பூண், பித்தளை உள்தகடு. ரிவெட்டுகள் எல்லாம் ஒரே வயது. ஊகம்: 1910-க்கு முன் இல்லை, 1952-ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு குறைவு."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவரிடம் போய், "இருநூறு இல்லண்ணே, நூறு வருசம்தான் தேறும்" என்றேன். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நூறு வருசம் ஆகியும் ஸ்பிரிங்கு இப்பிடிப் பேசுதே சார்" என்று சொல்லி ஒரு முறை டக்கென்று மூடிக் கொடுத்தார்.